தொட்டியில் குறைந்த 19,000 குஞ்சுகள்

பெயர், ஊர் எதையும் வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு சகோதரியிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. அவரும் கொழுந்தனாரும் சேர்ந்து கொடுவா மீன் குஞ்சு வளர்க்கிறார்கள். பொரித்து ஒரு நாளே ஆன நுண்குஞ்சுகளைப் பொரிப்பகத்திலிருந்து வாங்கி, இரண்டரை சென்டிமீட்டர் வரை வளர்த்துப் பண்ணைகளுக்குக் கொடுப்பது தொழில். ஒன்றரை வருடத்தில் மூன்று முறை முயன்று மூன்றிலும் அடி வாங்கியிருக்கிறார்கள்.

முதல் முறை, 2,000 லிட்டர் தொட்டிகள் இரண்டில் ஒரு லட்சம் குஞ்சுகள். மஞ்சள் கரு ஒட்டியிருக்கும்வரை உணவு வேண்டாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, நான்காம் நாள் காலையில்தான் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய மிதவை உயிரியை இரையாக விட ஆரம்பித்தார்கள். தொட்டிக்குத் தினமும் இரண்டு வாளி. ஏழாம் நாள் தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டாம் முறை 18 நாள் வரை நன்றாகவே போனது. அன்று கணக்கெடுத்தபோது 30,000 குஞ்சுகள். தூள் தீவனத்துக்குப் பழக்குவதற்காக அதுவரை கொடுத்துவந்த ஆர்ட்டீமியாவை (உப்பு நீரில் வாழும், இறால் இனத்தைச் சேர்ந்த சின்ன உயிரி) ஒரேயடியாக நிறுத்தி, இரண்டு நாள் பட்டினி போட்டு, பிறகு தூளைத் தூவினார்கள். 30-ஆம் நாள் எண்ணினால் 11,000 தான் இருந்தது. அடியில் செத்துக் கிடந்து எடுத்தவை சில நூறுகூட இல்லை. இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர்தான் அள்ளி விற்றுவிட்டார் என்று முடிவு செய்து அவரை நிறுத்திவிட்டார்கள். கடைசி மாதச் சம்பளத்தையும் கொடுக்கவில்லை. "விசாரித்தபோது, மீன்தான் மீனைத் தின்கிறது என்று சொல்லி மழுப்பினார்" என்று எழுதியிருக்கிறார்.

மூன்றாம் முறை, குஞ்சுகள் வயிறு நிறைய ஆர்ட்டீமியாவோடு ஆரஞ்சு நிறத்தில் துள்ளிக்கொண்டிருந்தன. 25-ஆம் நாள் பெரியது சின்னது என்று தரம் பிரிக்க வலையில் அள்ளினார்கள். அள்ளிய சில நொடிகளில் குஞ்சுகள் விறைத்து, பக்கவாட்டில் சரிந்து அடியில் விழுந்தன. பத்தில் நான்கு எழுந்திருக்கவே இல்லை.

கேட்டிருப்பவை மூன்று. ரோட்டிஃபர் வளர்க்கும் தொல்லையே இல்லாமல் முதல் நாளிலிருந்து புரதம் அதிகமுள்ள தூளைக் கொடுத்துவிடலாமா? கொழுந்தனார் சொல்வதுபோல் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலக்கலாமா? இல்லை, இதையெல்லாம் விட்டுவிட்டு வளர்ந்த குஞ்சுகளை வாங்கி விற்றுப் பிழைக்கலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். முதலில் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்றைப் பேசிவிடுவோம். அந்தப் பெரியவர் மழுப்பவில்லை. அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தின் மூன்றாவது பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மிஞ்சியவற்றில் சில மட்டும் கொழுகொழுவென்று 3 சென்டிமீட்டர் இருந்தன, மற்றவை ஒன்றரை சென்டிமீட்டர்கூடத் தேறாது." எனக்கு அந்த ஒரு வரி போதும். கொடுவா, தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வரை உள்ள கூடப்பிறந்ததை முழுசாக விழுங்கக்கூடிய மீன். 3 சென்டிமீட்டர் குஞ்சுக்கு 2 சென்டிமீட்டர் குஞ்சு வரை இரைதான். உங்கள் தொட்டியில் இருந்த பெரும்பாலானவை அதைவிடச் சின்னவை.

ஒரு சின்னக் கணக்கு. 30,000 குஞ்சில் 800 மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்ததாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை, மேலிருந்து பார்த்தால் கண்ணிலேயே படாது. அவை ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு இரண்டைத் தின்றால் 12 நாளில் 19,200. உங்கள் தொட்டியில் குறைந்தது 19,000. நான் வைத்த எண்கள் அனுமானம்தான். ஆனால் காணாமல் போனதற்கு மனிதக் கை தேவையே இல்லை என்பது இதில் தெரிகிறதல்லவா? விழுங்கப்பட்ட குஞ்சுக்குப் பிணம் கிடையாது. நோயில் செத்திருந்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்திருக்கும். திருட்டாக இருந்தாலும், அள்ளுகிறவர் பெரியது சின்னது பார்க்காமல்தான் அள்ளுவார், தொட்டியில் இப்படி இரண்டு சைஸ் மட்டும் பிரிந்து நிற்காது.

இது எப்படித் தொடங்கியது என்றால், நீங்கள் போட்ட இரண்டு நாள் பட்டினியில். பசித்தால் தூளைத் தின்னக் கற்றுக்கொள்ளும் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆடு மாடு விஷயத்தில் அந்த யோசனை ஓரளவு எடுபடலாம். கொடுவாக் குஞ்சு அசைவதைப் பார்த்துப் பிடிக்கிற ஜாதி. அசையாத தூள் அதற்கு உணவாகவே தெரியாது. ஆர்ட்டீமியா நின்றுபோன தொட்டியில் அசைகிற ஒரே பொருள் பக்கத்தில் நீந்துகிற தம்பிதான். ஒரு முறை ருசி கண்டது வேகமாக வளர்கிறது, வளர்ந்ததும் இன்னும் பெரியதை விழுங்க முடிகிறது. பட்டினியில் தொடங்கிய வித்தியாசம் தானே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது.

அடுத்த முறை தூளுக்கு மாற்றும்போது குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் பத்து நாள் இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். காலையில் வெளிச்சம் வந்ததும் வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் முதலில் தூள், கொஞ்ச நேரம் கழித்து ஆர்ட்டீமியா. நாள் ஆக ஆக ஆர்ட்டீமியாவைப் பிந்தவும் குறைக்கவும் செய்யலாம். தூளை ஒரு மூலையில் கொட்டாமல் தொட்டி முழுக்கப் பரவலாக, சிட்டிகை சிட்டிகையாக, நாளுக்கு ஏழெட்டு வேளை தூவ வேண்டும். ஒரே இடத்தில் கொட்டினால் முரட்டுக் குஞ்சுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சாதுவானவை ஓரத்தில் நின்று மெலியும். மறுபடியும் இரண்டு சைஸ்.

அப்புறம் தரம் பிரித்தல். ஒரு சென்டிமீட்டர் தாண்டியதிலிருந்து மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை நல்ல தீவனம் போட்டாலும் இதற்கு மாற்று இல்லை. பக்கவாட்டில் துளையிட்ட பிளாஸ்டிக் கூடையைத் தண்ணீருக்குள்ளேயே மிதக்கவிட்டு அதில் குஞ்சுகளை விட்டால் சின்னவை தாமாக வெளியேறிவிடும். கையாள்வது குறையும்.

பெரியவரின் சம்பளத்தைப் பற்றிச் சட்டம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆனால் சந்தேகத்தின் பேரில் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அந்தச் சந்தேகத்துக்கு இப்போது ஆதாரம் இல்லை. அவர் உழைத்த மாதத்துக்கான பணம் அவருடையது.

மஞ்சள் கருவும் எண்ணெய்த் துளியும்

சரி, முதல் தொட்டிக்கு வருவோம். மஞ்சள் கரு இருக்கும்வரை உணவு வேண்டாம் என்று சொன்னவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். 28 டிகிரியை ஒட்டிய தண்ணீரில் கொடுவாக் குஞ்சின் மஞ்சள் கரு இரண்டு நாளில் பெரும்பாலும் கரைந்துவிடும். அதற்குப் பிறகும் வயிற்றருகே பளபளவென்று ஒரு உருண்டை தெரியும். அது எண்ணெய்த் துளி. இன்னும் ஓரிரு நாள் நின்றுதான் மறையும். நீங்கள் நான்காம் நாள் வரை பார்த்துக் காத்திருந்தது அநேகமாக அந்தத் துளியைத்தான்.

எண்ணெய்த் துளி, வீட்டில் அரிசி தீர்ந்த பிறகு டப்பாவில் மிச்சமிருக்கும் கடைசிப் பிடி மாதிரி. அது தீர்வதற்குள் குஞ்சு இரை பிடிக்கப் பழகிவிட வேண்டும். முதல் முயற்சியிலேயே எந்தக் குஞ்சும் பிடித்துவிடாது. உடம்பை எஸ் போல வளைத்து, குறி பார்த்து, பாய்ந்து, தவறவிட்டு, மறுபடி பாயும். பழகுவதற்கும் தெம்பு வேண்டும். ஒரு கட்டம் தாண்டிப் பசித்த குஞ்சுக்கு அப்புறம் தொட்டி நிறைய உணவு விட்டாலும் தின்னத் தெம்பிருக்காது. உயிரோடு மிதக்கும், ஆனால் திரும்ப முடியாத எல்லையைக் கடந்திருக்கும். நார்வே விஞ்ஞானி யோஹான் யோர்ட் 1914-லேயே, கடலில் ஒரு வருடம் மீன் பெருகுவதும் ஒரு வருடம் அருகுவதும் குஞ்சுகளின் இந்த முதல் இரையைப் பொறுத்ததாக இருக்கலாம் என்று எழுதினார். கடலுக்கே அந்தக் கதி என்றால் தொட்டிக்குக் கேட்கவா வேண்டும்.

ஆகவே வாய் திறக்கும் முன்பே உணவு தண்ணீரில் இருக்கட்டும். பொரித்த இரண்டாம் நாள் மாலையே ரோட்டிஃபரை விட்டுவிடுங்கள். வெளிச்சமும் வேண்டும். கண்ணால் பார்த்துப் பிடிக்கிற குஞ்சு இருட்டுக் கொட்டகையில் என்ன செய்யும்?

இரண்டு வாளி

முதல் தொட்டியில் தாமதம் பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த இரண்டு வாளி. உங்கள் கடிதத்தில் ரோட்டிஃபரின் எண்ணிக்கை எங்குமே இல்லை, வாளிதான் இருக்கிறது. இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாளியில்தான் அளக்கிறார்கள்.

கொடுவாக் குஞ்சைச் சுற்றி ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 10 முதல் 20 ரோட்டிஃபர் இருக்க வேண்டும். 15 என்று எடுத்துக்கொள்வோம். 2,000 லிட்டர் என்பது 20 லட்சம் மில்லிலிட்டர். ஒரு தொட்டிக்குத் தேவை 3 கோடி ரோட்டிஃபர். உங்கள் வளர்ப்புத் தொட்டியில் மில்லிலிட்டருக்கு 100 இருந்திருந்தால், 15 லிட்டர் வாளியில் 15 லட்சம், இரண்டு வாளியில் 30 லட்சம். அதைத் தொட்டியில் ஊற்றினால் மில்லிலிட்டருக்கு ஒன்றரை. தேவையில் பத்தில் ஒரு பங்கு. குஞ்சின் பார்வை எட்டுவது தன் உடம்பு நீளத்தை ஒட்டிய கொஞ்ச தூரம்தான், நீந்தித் தேடிப் போகும் வயதும் இல்லை. ஒன்றரை என்பது அதற்குப் பாலைவனம்.

எண்ணுவது கஷ்டமில்லை. ஒரு மில்லிலிட்டரைப் பிப்பெட்டில் எடுத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டால் ரோட்டிஃபர்கள் நின்றுவிடும். கோடு போட்ட கண்ணாடித் தகட்டில் வைத்து, சாதாரண நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். காலையிலும் பிற்பகலிலும் தொட்டித் தண்ணீரை எண்ணி, குறைந்ததை மட்டும் நிரப்புங்கள். தொட்டியில் நானோகுளோராப்சிஸ் போன்ற பச்சைப் பாசியை லேசாக விட்டு வைத்தால், தின்னப்படாத ரோட்டிஃபர் பட்டினியில் வற்றிப் போகாது, வெளிச்சமும் சீராகப் பரவும்.

இந்த ரோட்டிஃபர் ஒரு காலத்தில் ஜப்பானில் விலாங்கு வளர்த்த குளங்களுக்குத் தொல்லையாக இருந்த உயிரி. ஒழிக்க வழி தேடியவர்கள் நடுவில்தான், இதையே கடல்மீன் குஞ்சுக்கு இரையாக்கலாமே என்ற யோசனை பிறந்தது. இன்று அது எப்போது மடியுமோ என்று பயந்து நாம் இரவெல்லாம் காவல் இருக்கிறோம்.

எண்ணிக்கை பார்த்தாயிற்று என்று அதோடு நின்றுவிடவும் கூடாது. நான் பொரிப்பகங்களுக்குப் போனால் முதலில் கேட்பது, இன்று எத்தனை குஞ்சின் வயிற்றைப் பார்த்தீர்கள் என்பதுதான். தொட்டியில் போட்டது உங்கள் கணக்கு, வயிற்றில் இருப்பது குஞ்சின் கணக்கு. மூன்றாம் நாள் காலை, விளக்குப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பத்துக் குஞ்சுகளை எடுத்து நுண்ணோக்கியில் வையுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் உடம்புக்குள் குடலில் ரோட்டிஃபரின் ஓடுகள் மடிந்து அடுக்கிக் கிடப்பது தெரியும். பத்தில் எட்டின் வயிற்றில் இருந்தால் நிம்மதியாகக் காபி குடிக்கப் போகலாம். மூன்றில்தான் இருக்கிறது என்றால் வெளிச்சமா, எண்ணிக்கையா, குஞ்சே பலவீனமாக வந்து சேர்ந்ததா என்று அன்றே தேட வேண்டும். ஏழாம் நாள் தேடுவதில் பயனில்லை.

வந்து சேர்ந்த குஞ்சின் தரம் பற்றியும் பொரிப்பகத்தின் மேல் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பை திறந்த அன்று எத்தனை உயிரோடு இருந்தன, எத்தனை கோணலாக நீந்தின என்று நீங்கள் குறித்து வைக்கவில்லை, படமும் இல்லை. ஏழு நாள் கழித்து இழப்பீடு கேட்டால் அவர்கள் உங்கள் இரண்டு வாளியைத்தான் காட்டுவார்கள். அடுத்த முறை பை பிரிக்கும்போதே மாதிரி எடுத்து எண்ணி, அன்றே அவர்களுக்கு எழுதி அனுப்பிவிடுங்கள்.

முதல் நாளிலிருந்தே தூள்?

தீவனம் விற்க வந்தவர், ரோட்டிஃபருக்குப் பதில் இந்தத் தூளே போதும் என்றாராம். சால்மன், டிரவுட், திலாப்பியா வளர்க்கிறவர்களிடம் அவர் அதைச் சொன்னால் சரி. சால்மன் முட்டை பட்டாணி அளவு இருக்கும். அதிலிருந்து பெரிய கருவோடு, தேறிய உடம்போடு குஞ்சு வருகிறது. முதல் இரையே தூளாக இருந்தாலும் தாங்கும். கொடுவா முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதிலிருந்து வருவது அரைகுறையாக உருவான ஓர் உயிர். அதற்கு வாயும் நேரான ஒரு குழாய்க் குடலும் இருக்கும், இரைப்பை இருக்காது. இரைப்பைச் சுரப்பிகள் உருவாகி வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை தூளின் புரதத்தை 60 சதவீதமாக ஏற்றினாலும் செரிக்கும் வசதி குஞ்சிடம் இல்லை. போதாததற்கு, அவ்வளவு பொடியான தூளிலிருந்து சத்து நிமிடக்கணக்கில் தண்ணீரில் கரைந்து போய்விடும்.

தின்னப்படாத தூள் அடியில் படிந்து அழுகினால் அம்மோனியா ஏறும். பாசியுள்ள தொட்டியில் பகலில் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7-லிருந்து 8-க்கு ஏறினால், அந்த அம்மோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். அதிகம் போட்டால் அதிகம் வளரும் என்ற எண்ணத்தில் கொல்கிறோம் என்பதே தெரியாமல் கொன்றுவிடுவோம்.

எனவே வரிசை இதுதான்: இரண்டாம் நாள் மாலை முதல் ரோட்டிஃபர், எட்டு பத்து நாளில் ஆர்ட்டீமியா, மூன்றாவது வாரத்தில் மெல்லத் தூள். ஒவ்வொரு மாற்றத்திலும் பழையதும் புதியதும் சில நாள் சேர்ந்தே இருக்க வேண்டும். நாட்களை நான் சொல்கிறேனே தவிர, மாற்ற வேண்டிய நேரத்தைக் காலண்டர் முடிவு செய்யக் கூடாது, குஞ்சின் வாய்தான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் குளிர்ந்தால் எல்லாமே தள்ளிப் போகும். தொட்டியில் மிகச் சின்னதாக இருக்கும் குஞ்சால் விழுங்க முடிகிற அளவு எதுவோ அதையும் நிறுத்தாமல் வையுங்கள். ரோட்டிஃபர் 100 முதல் 300 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ஆர்ட்டீமியா 400-க்கு மேல். நடுவில் பெரிய படி. அதில் ஏற முடியாதவைதான் பின்னால் தம்பிகளாகி இரையாகின்றன.

விறைத்து விழுந்த குஞ்சுகள்

மூன்றாவது தொட்டியைப் பற்றி நீங்கள் எழுதியது மனதை உறுத்தியது. எல்லாம் சரியாகச் செய்தும் கடைசியில் கைவிட்டுப் போயிருக்கிறது. வயிறு நிறைந்திருந்தது, ஆரஞ்சு நிறம், துள்ளல். அப்படியும் வலையில் எடுத்ததும் ஏன் விழுந்தன?

விடை, ரோட்டிஃபருக்கு நீங்கள் என்ன போட்டு வளர்த்தீர்கள் என்ற வரியில் இருக்கிறது: ஈஸ்ட், ஈஸ்ட் மட்டும். ஈஸ்டில் ரோட்டிஃபர் மளமளவென்று பெருகும். ஆனால் கடல்மீன் குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் ஈஸ்டில் கிடையாது. ஆர்ட்டீமியாவில் இயற்கையாகவே கிட்டத்தட்ட இல்லை. கடல்மீன் குஞ்சு அதைத் தானாகப் போதிய அளவு தயாரித்துக்கொள்ளவும் முடியாது. ஆக உங்கள் குஞ்சுகள் 25 நாள் வயிறாரச் சாப்பிட்டன, ஆனால் தேவையான ஒன்று மட்டும் சாப்பாட்டில் இல்லை. அமைதியாக நீந்தும்வரை குறை வெளியே தெரியாது. வலை, வெளிக்காற்று என்று ஒரு அதிர்ச்சி வந்ததும் நரம்பு தாங்காமல் மயங்கி விழும். கொடுவாவில் இது நன்றாக அறியப்பட்ட விஷயம்.

இதைச் சரிசெய்ய, உயிர் உணவைத் தொட்டியில் விடுவதற்கு முன் அதற்கு நாம் சோறு ஊட்ட வேண்டும். ரோட்டிஃபரை ஐசோகிரைசிஸ் போன்ற டி.எச்.ஏ. உள்ள பாசியிலோ, இதற்கென்றே விற்கும் எண்ணெய்க் கலவையிலோ சில மணி நேரம் வைத்து விடுங்கள். நானோகுளோராப்சிஸ் நல்ல பாசிதான், ஆனால் அதில் டி.எச்.ஏ. மிகக் குறைவு, அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்ட்டீமியாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொரித்தவுடன் அதற்கு வாய் திறந்திருக்காது, எதில் ஊறப் போட்டாலும் ஏறாது. ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்துத் தோலுரித்த பிறகுதான் தின்னும். அதற்குப் பின் 12 முதல் 24 மணி நேரம் ஊட்டலாம். அதற்குள் அது பெரிதாகிவிடுவதால், தொடக்கத்தில் புதிதாகப் பொரித்ததைக் கொடுத்து, குஞ்சு பெரிதானதும் ஊட்டியதைக் கொடுப்பதுதான் வழக்கம். புதிதாகப் பொரித்ததையும் நாள் முழுக்க வைத்திருந்து ஊற்றாதீர்கள், அது தன் கருவையே தின்று தீர்த்துவிடும். குளிர்பெட்டியில் 4 டிகிரியை ஒட்டி வைத்தால் அடுத்த வேளைக்குச் சத்து கெடாமல் இருக்கும்.

ஊட்டிய உணவை நன்றாக அலசிய பிறகே தொட்டியில் விடுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அலசாமல் ஊற்றி ஒரு தொட்டியையே கெடுத்திருக்கிறேன். எண்ணெய் தண்ணீர் மேல் படலமாகப் படர்ந்துவிட்டது. முதல் சில நாட்களில் குஞ்சு நீர்ப்பரப்புக்கு வந்து ஒரு மடக்குக் காற்றை விழுங்கித்தான் தன் காற்றுப்பையை நிரப்பிக்கொள்ளும். படலம் அதைத் தடுத்துவிட்டது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக் குஞ்சுகள் தலையைத் தூக்கி, வாலைத் தொங்கவிட்டு, மூழ்காமல் இருக்கவே போராடிக்கொண்டிருந்தன. காலையில் ஒரு வெள்ளைக் காகிதத்தை நீர்ப்பரப்பில் ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகும் எண்ணெய்க் கறை தெரிந்தால் மேல்பரப்பை வழித்தெடுக்க வேண்டும்.

தரம் பிரிப்பதற்கு முந்தின நாள் 20 குஞ்சுகளை மட்டும் வலையில் எடுத்து, பத்து வரை எண்ணி, ஒரு வாளியில் விட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். இரண்டு மூன்று விழுந்தால் மொத்தத் தொட்டியில் கை வைக்காதீர்கள். உணவைச் சீராக்கிச் சில நாள் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.

ஆன்டிபயாடிக் வேண்டாம்

கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்: நடந்த மூன்றில் எதுவும் கிருமியால் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. முதலாவது பட்டினி, இரண்டாவது சகோதரச் சண்டை, மூன்றாவது சத்துக் குறை. இவற்றில் எதற்கு மருந்து? பரிசோதனை இல்லாமல் கலக்கும் ஆன்டிபயாடிக், வடிகட்டியில் அம்மோனியாவைத் தின்று நம்மைக் காக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும், கெட்டவற்றுக்கு மருந்தைத் தாங்கப் பயிற்சி கொடுக்கும். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகளை உணவு மீனில் பயன்படுத்தப் பல நாடுகளில் தடையே இருக்கிறது. அவற்றின் எச்சம் தெரிந்தால் வாங்குகிறவர் சரக்கைத் திருப்பிவிடுவார். கிருமி உள்ளே வரும் வழியை அடைப்பதுதான் மலிவு. ஆர்ட்டீமியா பொரிக்கும் தண்ணீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா கொழுத்துக் கிடக்கும். அந்தத் தண்ணீரை ஒரு துளிகூடத் தொட்டிக்குள் விடாமல், மேலே மிதக்கும் முட்டை ஓடுகளைப் பிரித்து, வலையில் நல்ல தண்ணீரால் அலசி விடுங்கள். ஓடு உள்ளே போனால் குஞ்சின் குடலை அடைத்தும் கொல்லும்.

வளர்ந்த குஞ்சை வாங்கி விற்பதா?

கேவலமான யோசனை இல்லை. ஏற்கெனவே தூள் தின்னப் பழகிய ஒன்றரை சென்டிமீட்டர் குஞ்சை வாங்கினால் ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா தலைவலி இரண்டும் போய்விடும். விலை கூடும், லாபம் சுருங்கும். தரம் பிரிக்கும் வேலை மட்டும் உங்களை விடாது, தொட்டிக்கு வரும் வயதே ஒன்றையொன்று விழுங்கும் வயது. முன்கூட்டியே உரமிட்டு, கோப்பிபாட் போன்ற மிதவை உயிரிகள் பெருகிய வெளிக்குளத்தில் நுண்குஞ்சை விட்டு வளர்க்கும் முறையும் உண்டு. இரை இயற்கையிலேயே சத்தானது. ஆனால் குளத்துக்குள் என்ன நடக்கிறது என்று வாரக்கணக்கில் தெரியாது. உங்களுக்கு இருக்கும் பதற்றத்தில் அது வேண்டாம்.

என்னைக் கேட்டால் நான்காவது முறையும் நுண்குஞ்சிலேயே தொடங்குங்கள், ஆனால் ஒரு லட்சம் வேண்டாம். ஒரே தொட்டி, 30,000 குஞ்சு. மறு தொட்டியைத் தரம் பிரித்துப் போடக் காலியாக வையுங்கள். குஞ்சு வரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே ரோட்டிஃபர் வளர்ப்பைத் தொடங்கி, தொடர்ந்து நான்கைந்து நாள் மில்லிலிட்டருக்கு 100-க்குக் குறையாமல் நின்றால் மட்டும் குஞ்சுக்குச் சொல்லி அனுப்புங்கள். நிற்கவில்லையா, தேதியைத் தள்ளிப் போடுங்கள். இதிலும் 18 நாளைத் தாண்ட முடியவில்லை என்றால் அப்போது வளர்ந்த குஞ்சுக்கு மாறுங்கள், நானே சொல்கிறேன்.

பண்ணைகளுக்கு இப்போதே எண்ணிக்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். 30-ஆம் நாள் எண்ணிய பிறகு பேசுங்கள்.

கடைசியாகப் பெரியவர். சம்பளத்தை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களும் கொழுந்தனாரும் நேரில் கொண்டு போய்க் கொடுங்கள். அப்படியே அவரிடம் கேளுங்கள்: எந்தத் தொட்டியில், எத்தனை மணிக்கு, ஒரு குஞ்சின் வாயில் இன்னொன்றின் வாலைப் பார்த்தீர்கள், முதலில் பார்த்தது எத்தனையாவது நாள்? அவர் சொல்வதை அந்தத் தொட்டியின் நோட்டில் எழுதி எனக்கும் அனுப்புங்கள். உங்கள் நோட்டில் 18-ஆம் நாளுக்கும் 30-ஆம் நாளுக்கும் நடுவில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பன்னிரண்டு இரவும் தொட்டியைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.